கல்லூரியா, களமா?

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஒரே சொல்லைச் சொல்லி வந்திருக்கிறது. 'படி' என்பதே அச்சொல். அண்ணல் அம்பேத்கர் வகுத்த வழியும் அதுவே. இன்று அச்சொல்லுக்கு எதிரே வேறொரு சொல் நம் தெருக்களில் கேட்கிறது. 'ஆடு' என்பது அது. 'பையன் நன்றாக ஆடுகிறான், ஐயா. படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டத்திலேயே விட்டுவிடலாமா?' என்று பெற்றோர் நம்மிடம் வந்து கேட்கின்றனர். ஏளனம் செய்து தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று இது. ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இதில் அடங்கியிருக்கிறது. ஆதலால் விழாக் குழுவினர் பேசுமாறு பணித்தபோது, நாம் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழும் ஆட்டம் டென்னிஸ். நம் பகுதிச் சிறுவர்களுக்கு டென்னிஸில் பந்து மட்டுமே தெரியும். மட்டையும் வலையும் தெரியா. அந்தப் பந்தையும் அவர்கள் கிரிக்கெட்டுக்குத்தான் வாங்குகிறார்கள். ஆயினும் அவ்வாட்டத்தைச் சற்று உற்று நோக்கினால் நமக்குப் பாடம் உண்டு. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளே இந்தக் கேள்விக்கு எவ்வாறு விடை காண்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

டென்னிஸ் ஆடும் இளைஞர் பதினேழு, பதினெட்டு வயதில் ஒரு கவர்வழியில் நிற்கிறார். ஒரு வழி, உடனே தொழில்முறை ஆட்டக்காரராவது. மற்றொன்று, கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே ஆடுவது. முதல் வழியில் சென்று உலகப் புகழ் பெற்றவர் பலர். ஜெர்மனியின் போரிஸ் பெக்கர் 1985 இல் விம்பிள்டன் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 17. ஸ்பெயினின் ரஃபேல் நடால் 2005 இல் பிரெஞ்சுப் பட்டம் வென்றபோது வயது 19. இவர்கள் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால் அந்தச் சிகரத்தின் அடிவாரத்தையும் பார்க்க வேண்டும். தொழில்முறை டென்னிஸின் கீழ்ப்படியில் நடக்கும் ஆண்கள் போட்டியொன்றின் மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர். ஒற்றையர் ஆட்டத்தில் முதலிடம் பெறுபவருக்கு அதில் 2,160 டாலர் கிடைக்கும். முதற்சுற்றிலேயே தோற்றவருக்கு 156 டாலர். விமானச் செலவு, தங்குமிடம், உணவு, பயிற்சியாளர் ஊதியம் யாவும் ஆடுபவர் கையிலிருந்துதான் போக வேண்டும். 2013 ஆம் ஆண்டின் வரவு செலவுகளைப் பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு ஆராய்ந்தது. பயிற்சியாளர் ஊதியத்தைச் சேர்க்காமலே, ஆண்களில் உலகத் தரவரிசையில் ஏறத்தாழ 336 ஆம் இடத்திற்குள்ளும், பெண்களில் 253 ஆம் இடத்திற்குள்ளும் இருப்பவர்க்கே வரவும் செலவும் சரிக்கட்டும் என்று கண்டது. உலகிலேயே நானூறாவது இடத்தில் இருக்கும் வீரர் நம் கணக்கில் மாபெரும் வீரர். அவருக்கும் வீட்டிலிருந்துதான் பணம் வர வேண்டியிருந்தது. வீட்டில் பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

இதனாலேயே பலர் இரண்டாம் வழியை நாடினர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நன்கு ஆடும் மாணவருக்குக் கல்வி உதவித்தொகை தந்து படிக்கவும் ஆடவும் வைக்கின்றன. அங்கும் இடம் குறைவு. 2025 வரை முதல் தரப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் ஆண்கள் டென்னிஸ் அணி முழுமைக்கும் நான்கரைப் பேரின் செலவுக்கு ஈடான உதவித்தொகையே தர விதி இருந்தது. பெண்கள் அணிக்கு எட்டு. எனினும் அவ்வழி பலரைக் கரையேற்றியிருக்கிறது. நம் நாட்டின் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பயின்று, 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். அதன் பிறகே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். 2009 இல் சென்னை ஓபன் இறுதிப் போட்டிக்கு வந்தார். 2010 இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையரிலும் இரட்டையரிலும் தங்கம் பெற்றார். 2011 இல் உலகத் தரவரிசையில் 62 ஆம் இடத்தை எட்டினார். 2007 இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற ஜான் இஸ்னரும் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்த பின்னரே தொழிலுக்கு வந்து, பின்னாளில் உலகின் எட்டாம் இடத்தைத் தொட்டார். நம் மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்திற்காக ஆடியவர். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியில், தம் முதல் ஆட்டத்திலேயே தம்மினும் தரவரிசையில் மிக முந்திய ஜெரோம் கிம்மை வென்றார். ஐரோப்பிய நாடொன்றை அதன் மண்ணிலேயே இந்தியா வென்றது 1993 க்குப் பின் அதுவே முதன்முறை.

கல்லூரிக்குப் போனால் ஆட்டம் கெட்டுவிடும் என்ற அச்சம் முழு உண்மை அன்று என்பதற்கு இவர்களே சான்று.

இனி நம்மைப்போன்றே ஒதுக்கப்பட்ட ஒரு மக்களிடையே பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஆர்தர் ஆஷ். அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் 1943 இல் பிறந்த கறுப்பினத்தவர். அவர் தந்தையார் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவின் காவலர். பூங்காவுக்குள்ளேயே வீடு, வீட்டையொட்டி டென்னிஸ் களம். அவ்வூரில் வெள்ளையர் ஆடும் களங்களில் அச்சிறுவன் கால் வைக்க முடியாது. அவர் ஆட்டத்தால் உதவித்தொகை பெற்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1966 இல் வணிக நிர்வாகவியலில் பட்டம் பெற்றார். 1968 இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். அப்போது அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர் என்பதால் முதற்பரிசான 14,000 டாலர் அவருக்குக் கிடைக்கவில்லை. தோற்ற டாம் ஆக்கருக்குப் போயிற்று. 1975 இல் விம்பிள்டன் பட்டத்தையும் வென்றார்.

இத்தகைய மனிதர், 1977 இல் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் கறுப்பினப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். விளையாட்டுத் திடலில் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் நூலகத்தில் இரண்டு மணி செலவிடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். ஆட்டத்தில் உச்சியைத் தொட்ட ஒருவரே இதைச் சொன்னார் என்பதுதான் கருதத்தக்கது. மேலே ஏறியவர் சிலரே என்பதும், ஏறும்போதே வீழ்ந்தவர் எண்ணிலர் என்பதும் அவருக்குத் தெரியும். ஆட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஆட்டத்தை மட்டும் நம்பாதீர் என்றார்.

நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. பல்வங்கர் பாலு 1876 இல் பிறந்த தீண்டப்படாத வகுப்பினர். புனே நகரில் வெள்ளையர் கிரிக்கெட் ஆடிய மன்றத்தில் களத்தைப் பராமரிக்கும் வேலை அவருக்கு. வெள்ளையருக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே இடக்கைப் பந்துவீச்சில் வல்லவரானார். 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம் பெற்று, அச்சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். ஆயினும் இடைவேளையில் அவருக்குத் தேநீர் வெளியே, மண் குவளையில்! அவர் கைபட்ட பந்து தீட்டில்லை. அவர் வாய்பட்ட குவளை தீட்டு. அணித்தலைவர் பதவி கடைசிவரை அவரை எட்டவில்லை. அவர் தம்பி விட்டல் 1923 இல்தான் இந்து அணியின் தலைவரானார்.

பாலு இங்கிலாந்திலிருந்து திரும்பிய இரண்டாம் ஆண்டில், 1913 இல், பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார் அண்ணல் அம்பேத்கர். இருவரும் நம்மவர், இருவரும் திறமையால் கடல் கடந்தவர். ஒருவரின் பந்து எதிரணியை வீழ்த்தியது. மற்றவரின் பேனா நாட்டின் சட்டத்தை எழுதியது. பாலுவின் பெருமையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கம் அன்று. களத்தில் பெற்ற வெற்றியைச் சமூகத்தின் உரிமையாக மாற்றக் கல்வியும் வேண்டியிருந்தது என்பதையே எண்ணிப்பார்க்கச் சொல்கிறோம்.

நம் மண்ணுக்கு வருவோம். சின்னப்பம்பட்டி நடராஜனை அறியாதவர் இவ்வவையில் இல்லை. தறிக் கூலியில் வாழ்ந்த குடும்பம். தாயார் சாலையோரத்தில் சிறு கடை நடத்தியவர். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில்தான் கிரிக்கெட். 2015 சனவரியில் தமிழ்நாட்டு அணிக்காக ஆடத் தொடங்கியதுமே, பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று சொல்லப்பட்டு ஒதுங்க நேர்ந்தது. முறையைத் திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். 2017 இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு ஆண்டு ஐதராபாத் அணி எடுத்த விலை 40 இலட்சம். 2020 டிசம்பர் 2 இல் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரி 15 இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் என, ஒரே பயணத்தில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக முதன்முதல் ஆடியவர் என்ற சிறப்பைப் பெற்றார். தம் ஊரிலேயே பயிற்சிக் களமும் அமைத்தார். நாம் பெருமைப்படுகிறோம்.

ஆனால் பெற்றோர்களே, அதே கதையில் உள்ள மற்ற எண்களையும் படியுங்கள். 2021 மார்ச்சு வரை அவர் இந்தியாவுக்கு ஆடியவை ஏழே ஆட்டங்கள். ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. மூன்று கோடி ஓராண்டில் நாற்பது இலட்சமாகிறது. நாடே கொண்டாடிய தோள் சில மாதங்களில் ஓய்வுக்குப் போகிறது. அவர் உறுதியால் எழுந்து நின்றார். சின்னப்பம்பட்டியிலும் தாரமங்கலத்திலும் எடப்பாடியிலும் அதே டென்னிஸ் பந்தை வீசிய எத்தனை பேர் இன்று தறிமேடையில் நிற்கின்றனர்! அவர்கள் பெயரை எந்த நாளேடும் எழுதாது.

பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவும் நம் மாவட்டத்தவரே. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் ஊனமுற்றது. தாயார் காய்கறி விற்றும் கடன் வாங்கியும் வளர்த்தார். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டச் செய்தார். சேலத்துக் கல்லூரி ஒன்றில் வணிக நிர்வாகவியல் பட்டப்படிப்பை முடித்தார். 2016 இல் ரியோ மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், 2021 இல் டோக்கியோவில் வெள்ளி, 2024 இல் பாரிசில் வெண்கலம் வென்றார். கல்லூரியும் களமும் ஒருவர் வாழ்வில் ஒருங்கே நின்றதற்கு வேறு சான்று தேடி நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனையும் நினைவுகூர்வோம். செங்கற்சூளைத் தொழிலாளர் மகள். 2006 இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. நாட்டுக்கு ஓடிய பெண், மீண்டும் செங்கற்சூளையில் கூலிக்கு நின்றார். பிறகு அவரை நிமிர்த்தியது எது? பயிற்சியாளருக்கான பட்டயப் படிப்பு. அதனைப் பெற்றுத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கத்தைப் பறித்துக்கொண்டு போனார்கள். படிப்பைப் பறிக்க எவராலும் இயலவில்லை.

நம் சமவெளிப் பகுதிக்கே உரிய வேறு உண்மையையும் பேச வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி, களம் என இரண்டு வழி. நம் பிள்ளைக்கு மூன்றாவது வழியொன்று வாய் திறந்து காத்திருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியும், நாமக்கல் கோழிப்பண்ணையும், லாரிப் பட்டறையும், விசைத்தறியும், பெண்பிள்ளைகளுக்கு முந்திய திருமணமும் அதுவே. படிப்பை நிறுத்தி ஆடப் போன பிள்ளை ஆட்டமும் கைகூடாதபோது கல்லூரிக்குத் திரும்புவதில்லை. ரிக் வண்டியில் ஏறி வடநாடு போகிறான். நம்மிடம் படித்த ஒரு மாணவர் மின்னொளிக் கபாடிப் போட்டிகளில் பெயர் பெற்றவர். பதினோராம் வகுப்பில் படிப்பை விட்டு, ஓர் அணிக்கு இரவு ஆட்டத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசி ஆடினார். இரண்டாம் ஆண்டில் முழங்கால் போயிற்று. அணியினர் வேறொருவரைத் தேடிக்கொண்டனர். அவரிடம் கோப்பைகள் இருந்தன. அரசுப் பணிக்கோ கல்லூரி இடத்துக்கோ செல்லத்தக்க சான்றிதழ் ஒன்றும் இல்லை. அதே ஆண்டு படித்த மாணவி ஒருவர் தடை ஓட்டத்தில் மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஆயினும் கல்லூரியில் சேர்ந்து, உடற்கல்வியியல் பட்டம் பெற்று, இன்று நூறு பிள்ளைகளை ஓட வைக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறும் நம் மாவட்டங்களில் உண்டு. விடியற்காலையிலிருந்து இரவு வரை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் குவிக்கும் விடுதிப் பள்ளிகளுக்கு நாமக்கல் பெயர் பெற்றது. கோழிப்பண்ணை நிறைந்த ஊர் என்பதால் அவற்றைக் 'கறிக்கோழிப் பள்ளிகள்' என்றே மக்கள் கேலி செய்தனர். 2017 இல் தமிழ்நாடு அரசு முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. ஆயினும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இன்னும் நிற்கவில்லை. அது நம் பிள்ளைகளுக்கு இரட்டை இழப்பு. வசதியுள்ள பிள்ளை மாலையில் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெறும். நம் பிள்ளைக்குப் பள்ளித் திடல்தான் ஒரே திடல். ஊர்த் திடலில் எல்லா ஊர்களிலும் நம் பிள்ளைகள் தடையின்றி ஆடுகிறார்கள் என்று இவ்வவையில் யாராவது சொல்ல முடியுமா? வற்றிய ஏரியில் ஆடிப் பழகும் பிள்ளைகளுக்கு மழை வந்தால் களம் இல்லை.

'ஆற்றிலொரு கால், சேற்றிலொரு கால் வைத்தால் இரண்டும் போகும்' என்று சிலர் மறுக்கலாம். நியாயமான மறுப்பே. உச்சியை அடைய முழு வாழ்வையும் கொடுக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் முழு வாழ்வையும் கொடுப்பவன் தோற்றால் தாங்குவதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். சிலருக்கு நிலம் தாங்கும். சிலருக்குத் தந்தையின் கடை தாங்கும். நமக்கு நிலமில்லை, கடையில்லை. நம்மைத் தாங்கும் நிலம் கல்வி ஒன்றே. ஆகவே கல்வியை அடியில் விரித்து, அதன் மேல் நின்று ஆடுங்கள் என்கிறோம்.

இதனை நடைமுறைப்படுத்தச் சில கருத்துகளைக் கழகத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, எத்துணைத் திறமை இருந்தாலும் மேனிலைப் பள்ளிப் படிப்பை முடிக்குமுன் எந்தப் பிள்ளையும் பள்ளியை விட்டு நிற்கலாகாது. இதில் விதிவிலக்கு வேண்டாம்.

இரண்டாவது, கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பாராமல், அங்குத் தம் ஆட்டத்திற்கு அணியும் பயிற்சியாளரும் உண்டா என்று கேட்க வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தரும் கல்லூரிகள் பல. மெட்ரிக்குப் பிந்தைய உதவித்தொகையும் நம் பிள்ளைகளுக்கு உண்டு.

மூன்றாவது, சான்றிதழ். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு வைத்திருக்கிறது. ஆனால் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் பெற்ற சான்றே அங்குச் செல்லும். அப்பணிக்குரிய கல்வித் தகுதியும் வேண்டும். தெருப் போட்டியின் கோப்பை அலமாரிக்கு அழகு, விண்ணப்பத்திற்கு உதவாது.

நான்காவது, உண்மையிலேயே மாநிலம் கடந்த திறமையுடைய பிள்ளை ஒன்று நம்மிடை தோன்றினால், அப்பிள்ளையைத் தடுக்கலாகாது. பள்ளி முடித்த பின் இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று தவணை குறித்து ஆட விடுங்கள். அத்தவணைக்குள் எந்தப் படியை எட்ட வேண்டும் என்று பயிற்சியாளருடன் அமர்ந்து முன்பே எழுதிக்கொள்ளுங்கள். அஞ்சல்வழிக் கல்வியில் பெயரையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஒப்பந்தமாயினும், படிக்கத் தெரிந்த ஒருவர் முழுவதும் படித்துப் பொருள் சொன்ன பின்னரே கையொப்பமிடுங்கள். நம் முன்னோர் படிக்காமல் வைத்த கைரேகைகளால் இழந்தது போதும்.

ஐந்தாவது, கழகம் புத்தகத்திற்கும் கட்டணத்திற்கும் தரும் உதவியைப் போலவே காலணிக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் சத்தான உணவுக்கும் ஒரு சிறு நிதியை இவ்வெள்ளி விழா ஆண்டில் தொடங்க வேண்டும். சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் நடக்கும் தெரிவுக்கு வர நாற்பது கிலோமீட்டர் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. 2023 இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை போன்ற அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவதும் கழகத்தின் கடமையாகட்டும். இந்நிதியில் பாதி பெண்பிள்ளைகளுக்கு என்று விதி செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அவசரப்பட்டு மாப்பிள்ளை பார்க்க எந்த வீடும் சற்றுத் தயங்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு இறுதியாக ஒரு சொல். உங்கள் காலின் வேகமும் கையின் வலிவும் உங்கள் சொத்து. அதற்கு வெட்கப்படாதீர்கள், புத்தகத்தைக் காரணம் காட்டி அதைத் துருப்பிடிக்க விடாதீர்கள். ஆனால் முப்பது வயதில் எந்த வீரரின் காலும் தளரத் தொடங்கும். அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டு வாழ வேண்டும். அந்த நாற்பது ஆண்டில் உங்களை 'ஐயா', 'அம்மா' என்று ஊர் அழைக்க வேண்டுமா, 'அடேய்' என்று அழைக்க வேண்டுமா என்பதை இப்போது உங்கள் பைக்குள் இருக்கும் புத்தகமே முடிவு செய்யும். மட்டையையும் பையையும் சேர்த்தே தூக்கி வாருங்கள். இரண்டும் சேர்ந்தால் சுமை கூடும். உங்கள் தோள்கள் அதைத் தாங்கும் என்பதை நாங்கள் நாள்தோறும் வகுப்பறையில் காண்கிறோம்.

கழகம் பொன்விழாக் காணும் நாளில், இம்மேடையில் பட்டம் பெற்ற வீராங்கனை ஒருவர் நின்று பேசட்டும். அவர் நம் விடுதியில் படித்தவராக இருக்கட்டும்.